முருகனுக்கு வெட்டாத கொத்து

கட்டிங் மாஸ்டர் ஆத்தப்பன் வீட்டு ஜன்னலில் தொங்குவது பூவே இல்லை, பனியன் கம்பெனியில் நூல் வழுக்கி ஓடுவதற்குத் தடவும் மெழுகைத் திருடி வந்து செய்த பொம்மை என்று ராயபுரம் முழுக்கப் பேச்சு. திருட்டில் யாருக்கும் வருத்தமில்லை. பூ வாரக்கணக்கில் வாடாமல் இருப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. நேரில் போனேன். பார்த்ததோடு நிற்காமல் கொடியை நகத்தால் கீறினேன். பால் வந்தது. ஆத்தப்பனுக்குக் கோபமும் வந்தது.

"ஏனுங்க சார், உங்க காத நான் கீறிப் பாத்தனுங்களா?"

மெழுகுப்பூக் கொடி என்று பெயர். எருக்கஞ்செடிக்குத் தூரத்துச் சொந்தம். செருப்புத் தோல் போலக் கெட்டியான இலை. இளஞ்சிவப்பு நட்சத்திரங்கள் சேர்ந்து தலைகீழாகத் தொங்கும் உருண்டை. பொழுது சாய்ந்தால் வாசம். வால்பாறை எஸ்டேட்டில் கணக்கெழுதும் மைத்துனர் லிங்கசாமி, ஈரத்துணியில் சுற்றி ஒரு துண்டுக் கொடி கொண்டுவந்து கொடுத்தாராம்.

வளர்ப்பது எப்படி என்று கேட்டால் ஆத்தப்பன் பனியனுக்கு அளவு சொல்கிறார். "தொட்டி லூஸா இருந்தாப் பூக்காதுங்க. முப்பத்திரண்டு சைஸ் ஆளுக்கு நாப்பது போட்டா நல்லாவா இருக்கும்? டைட்டா இருக்கோணும்." ஆகவே டால்டா டப்பா. அடியில் ஓட்டை, உள்ளே தேங்காய் மட்டைத் துண்டு, அடுப்புக்கரி, உடைந்த செங்கல். மண் பேருக்குத்தான். ஊற்றிய தண்ணீர் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர். வெயில் காலையில் மட்டும். படர்வதற்குப் பழைய சைக்கிள் ரிம். மொட்டு விட்டபின் டப்பாவை நகர்த்தினால் மொட்டு உதிர்ந்துவிடும். இதனால் போன பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவர் மூன்று சுவரோடு அனுப்பப்பட்டார். நாலாவது சுவர் இன்னும் அழுக்குதான்.

முக்கியமான விதி, பூத்த காம்பை வெட்டக் கூடாது. பூ உதிர்ந்தபின் நிற்கும் அந்தக் குட்டைக் காம்பில்தான் அடுத்த கொத்தும் வரும். பகலெல்லாம் கட்டுக்கட்டாகத் துணி வெட்டுகிறவர் வீட்டில் அதனால் கத்திரியே கிடையாது. மனைவி தெய்வாத்தாள் தையல் நூலைப் பல்லால் கடிக்கிறார்.

இங்கேதான் முருகன் வருகிறார். நாலு வருஷம் வெறும் இலையாகவே விட்ட கொடிக்காக, "பூத்தா மொதக் கொத்து உனக்கு" என்று சிவன்மலை முருகனுக்கு வேண்டிக்கொண்டார் தெய்வாத்தாள். பூத்தது, ஒரே காம்பில். ஆத்தப்பன் வெட்ட மாட்டேன் என்றுவிட்டார். அதே காம்பில் பிறகும் பூத்தது, பிறகும் வெட்டவில்லை. அந்த அம்மாள் மலையேறுவதையே விட்டுவிட்டார்.

"எந்த மொகத்த வெச்சுட்டுப் போறதுங்க? பந்தியில உண்ணுட்டு மொய் வெக்காம வந்தவளாட்டம்."

எருமை பால் வற்றினாலும் பையனுக்குக் காய்ச்சல் கண்டாலும் அவருக்கு அந்தக் கொத்துதான் காரணம்.

ஆத்தப்பனும் சும்மா இல்லை. முருகன் படம் ஒன்றைக் கொத்துக்குக் கீழே மாட்டிவிட்டார். "பூ போகாட்டி என்னங்க, சாமி வந்துட்டாரல்ல."

"அது போன வருசத்துக் கேலண்டருங்க" என்றார் தெய்வாத்தாள் என்னைப் பார்த்து. கொத்திலிருந்து தேன் சொட்டிச் சொட்டி, முருகன் நெற்றியில் எறும்பு வரிசை.

"உதுந்த பூவக் கொண்டோயிப் போடு அம்முணி. பவளமல்லி உதுந்ததத்தான போடறோம்?"

"அது பவளமல்லி."

நான் மூக்கை நுழைத்தேன். காம்பை விட்டுவிட்டுப் பூவை மட்டும் ஒவ்வொன்றாகக் கிள்ளலாமே?

"சாமிக்குச் சில்லறையாக் குடுக்கறதுங்களா?" என்றார் தெய்வாத்தாள்.

"அப்படியானால் நீங்களே வெட்டிவிடுவதுதானே?"

"நான் வெட்டுனா அது சண்டைங்க. அவரு வெட்டுனாத்தான் வேண்டுதல்."

அன்று கிருத்திகை. பக்கத்து வீட்டுக் குப்பாயியிடம் கத்திரி இரவல் வாங்கி வைத்திருந்தார். அதைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, கொத்துக்கு நேர் கீழே பித்தளைத் தட்டை ஏந்தி நின்றார். ஆத்தப்பன் கத்திரியைத் திறந்து மூடிப் பார்த்தார். "மொண்ணை" என்றார். இருந்தாலும் காம்பருகே கொண்டுபோனார். இரண்டு அலகும் காம்பை நடுவில் வைத்துக்கொண்டு நின்றன. தட்டில் ஒரு சொட்டுத் தேன் விழுந்தது.

கத்திரி மெல்லக் கீழிறங்கி, அவருடைய பனியன் ஓரத்தில் தொங்கிய நூல் பிசிறை நறுக்கென்று வெட்டியது. தெய்வாத்தாள் தட்டை இறக்கவில்லை.