வாசலில் ஒட்டிய 'ஈ'

தொழில் வட்டாரத்தில் அவளுக்கு ஏணிக்காரி என்று பெயர். கடை, அலுவலகம், விடுதி என்று வணிகக் கட்டடங்களுக்குள் போய், அவை எவ்வளவு மின்சாரத்தைத் தின்கின்றன, அதில் எவ்வளவு வீணாகிறது என்று கணக்கிட்டு, ஏ முதல் ஜி வரை ஓர் எழுத்துப் போட்டு ஆற்றல் திறன் சான்றிதழ் கொடுப்பது அவள் வேலை. ஏ வாங்கிய கட்டடம் சிக்கனமானது. ஜி வாங்கியது ஓட்டைப் பானை. அவர்கள் ஊர்ச் சட்டப்படி அந்தக் காகிதம் இல்லாமல் ஒரு கட்டடத்தை விற்கவும் முடியாது, வாடகைக்கு விடவும் முடியாது.

மற்ற மதிப்பீட்டாளர்கள் வரைபடத்தைப் பார்ப்பார்கள், நாலு படம் எடுப்பார்கள், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடுவார்கள். இவளோ காரின் தலையில் சொந்த ஏணியைக் கட்டிக்கொண்டு வந்து இறங்குவாள். கூரைக்குள் தலையை விட்டுப் பார்க்காமல் ஓர் எழுத்தும் எழுத மாட்டாள்.

அதற்குக் காரணம் உண்டு. முன்பு பல வருடம் ஒரு கட்டட நிறுவனத்தில் வரைபடம் வரைந்துகொண்டிருந்தவள் அவள். காகிதத்தில் அவள் போட்ட கோடெல்லாம் வெளியே சுவராகவும் கூரையாகவும் எழுந்ததா, பாதியில் நின்றதா என்று அவளுக்குத் தெரியாது. மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு மாலை வகுப்பில் சேர்ந்து, பரீட்சை எழுதி, இந்த வேலைக்கு வந்தாள். உயரம் என்றாலே அவளுக்குக் கால் வெடவெடக்கும். பஸ் டிரைவரான அவள் கணவர்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டின் பின்சுவரில் ஏணியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு பயம் தெளிவித்தார். "கீழ பாக்காத. என்னையும் பாக்காத. உன் கை எங்க இருக்குன்னு மட்டும் பாரு."

அக்காவின் கணவர் ஓர் ஏழு மாடிக் கட்டடத்துக்கு மேலாளர். ஒருநாள் அவர் போன் செய்தார். மேல் மாடிகளில் மூன்றை ஒரு பெரிய கம்பெனி எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. ஆனால் சான்றிதழில் சி அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் வருவார்களாம்.

"நீயே வந்து பண்ணிடும்மா. நம்ம ஆளுன்னா எனக்கும் நிம்மதி."

"வர்றேன் அத்தான். ஆனா நீங்க எனக்குச் சொந்தம்னு ஆபீஸ்ல சொல்லி, அவங்க சம்மதிச்சாத்தான் வருவேன்."

"சொல்லிக்கோ. சொந்தமா இருக்கறது என்ன குத்தமா?"

அலுவலகத்திலும் சரி என்றார்கள். ஏணி கிளம்பியது.

கட்டடத்தின் முதலாளி ஆணியும் தாழ்ப்பாளும் விற்கிற கடையில் தொடங்கி, மாடி மாடியாக மேலே வந்தவர். அறுபதைத் தாண்டியும் நடை தளரவில்லை. பெண் பார்க்க வந்தவர்களுக்கு வீட்டைக் காட்டுகிற மாதிரி, ஒவ்வொரு கதவையும் அவரே திறந்து காட்டினார். கீழ்த் தளங்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல கண்ணாடி, நல்ல விளக்குகள். அத்தானின் முகம் மாடிக்கு மாடி மலர்ந்துகொண்டே வந்தது.

ஏழாவது மாடியில் ஒரு கணக்கு அலுவலகம் இருந்தது. ஏசி இரைந்துகொண்டிருந்தது. இருந்தும் மேசைக்கு மேசை ஒரு குட்டி மின்விசிறி சுழன்றது. கழுத்தில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.

"ஏசி சரியில்லையாம்மா?"

"ஓடுது மேடம். மத்தியானத்துக்கு மேல அதுக்கே வேர்த்துடும்."

ஏணிக்காரி லிப்ட் பக்கம் ஏணியைப் போட்டு ஃபால்ஸ் சீலிங்கின் ஒரு பலகையை நகர்த்தினாள். உள்ளே கான்கிரீட்டுக்குக் கீழே மஞ்சள் நிறக் கண்ணாடிப் பஞ்சு, வெயில் இறங்காதபடி, மெத்தை மாதிரி கிடந்தது. வரைபடத்தில் சொன்னபடியே இருந்தது. மற்றவர்கள் அத்தோடு இறங்கியிருப்பார்கள். அவள் ஏணியை அடுத்த அறைக்கு இழுத்தாள். அங்கே வெறும் கான்கிரீட். கை வைத்தால் சுட்டது. அதற்கடுத்த அறையிலும் அப்படித்தான். குளிர்காற்றைக் கொண்டுபோகும் குழாய்களுக்குப் போர்வையும் இல்லை. பாதிக் குளிர் யாருக்கும் பயனில்லாமல் சீலிங்குக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது. லிப்டைச் சுற்றியும் மீட்டிங் ஹாலிலும் மட்டும் பஞ்சைப் போட்டுவிட்டு, மிச்சத்தை யாரோ பூசி மெழுகியிருந்தார்கள்.

அவள் இறங்கி வந்து விஷயத்தைச் சொன்னதும் அத்தானின் முகம் சுண்டிப்போயிற்று. முதலாளி போன் பேசப் போயிருந்த நேரம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"வரைபடத்துல முழுசா இருக்கேம்மா. அதை வச்சே போட்டா யாரு கேக்கப் போறா?"

"யாரும் கேக்க மாட்டாங்க அத்தான். ஆனா நான் ஏறிப் பாத்துட்டேனே."

கணக்கெல்லாம் போட்டுப் பார்த்ததில் கட்டடத்துக்கு விழுந்த எழுத்து ஈ. கம்பெனி கையெழுத்தைத் தள்ளிப்போட்டது. முதலாளி அவளை போனில் அழைத்தார்.

"வாசல்ல ஈ-ன்னு ஒட்டினா, உள்ள நானும் ஈதான் ஓட்டணும் மேடம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கிற நேரமில்லை என்று அடக்கிக்கொண்டாள். அடுத்து அக்கா.

"ஏண்டி, உங்க அத்தான் சரியாச் சாப்பிட மாட்டேங்கறார். ஒரு எழுத்துதானே. ஏத்திப் போட்டா உன் கை தேஞ்சா போயிடும்?"

"அக்கா, அங்க ஒரு பொண்ணு கழுத்துல ஈரத்துணியோட உக்காந்து வேலை பாக்குறா. நான் சி-ன்னு எழுதிட்டா அவளுக்கு வேர்க்கறது நின்னுடுமா?"

அக்கா போனை வைத்துவிட்டாள். அன்று ஏணிக்காரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். கணவர் பார்த்தார்.

"தப்பா அளந்துட்டியா?"

"இல்ல."

"அப்பச் சாப்பிடு."

சில நாள் கழித்து முதலாளி மறுபடி கூப்பிட்டார். சான்றிதழை மாற்ற வேண்டாம், ஏணியோடு மட்டும் வந்தால் போதும் என்றார். ஏழாவது மாடியில் அவரே ஏணியில் கால் வைத்தார். அத்தான் பதறிப்போய், "நான் ஏறிப் பாக்குறேன் ஐயா" என்றார். "நீ பிடிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு மேலே போனார் பெரியவர். ஒரு பக்கம் ஏணிக்காரி, மறுபக்கம் அத்தான். முதலாளியின் தலை சீலிங்குக்குள் மறைந்தது.

"கட்டினவங்க முழுசாப் போட்டாச்சுன்னு சொன்னாங்க," என்று குரல் மட்டும் கீழே வந்தது. "நானும் கீழ நின்னே தலையாட்டியிருக்கேன்."

இறங்கும்போது தலைமுடியில் ஒட்டடை. அதைத் தட்டிக்கூட விடாமல் அத்தானிடம் திரும்பினார். "இவங்க குடுத்த சான்றிதழை வாசல்ல ஒட்டு. செடிக்குப் பின்னால வேண்டாம். கண்ணுல படற மாதிரி ஒட்டு." பிறகு அவளிடம், "பெரிய ஏசியா வாங்கிப் போட்டுடவா மேடம்?" என்று கேட்டார்.

"வேண்டாம் ஐயா. முதல்ல கூரை. அப்புறம் குழாய்க்குப் போர்வை. ரெண்டும் முடிஞ்சா, இப்ப இருக்கற ஏசியே உங்களுக்கு அதிகமாத் தெரியும்."

முதலாளி அந்த ஈயையும் வேலைத் திட்டத்தையும் எடுத்துக்கொண்டு தாமே கம்பெனிக்குப் போனார். உள்ளதை உள்ளபடி சொன்னார். அவர்கள் காத்திருக்கச் சம்மதித்தார்கள். கூரைக்கு ஆள் வந்தது. அத்தான் தினமும் ஏழாம் மாடிக்கு ஏறி, ஒரு மூலை விடாமல் தாமே தொட்டுப் பார்த்தாராம். அக்காதான் சொன்னாள். அதைச் சொல்வதற்காகவே போன் செய்திருந்தாள்.

வேலை முடிந்து, மறு மதிப்பீட்டுக்கு அவளைத்தான் கேட்டார்கள். அவள் மறுத்துவிட்டாள். "நான் சொல்லிச் செஞ்ச வேலையை நானே சரின்னு சொல்லக் கூடாது. வேற யாராவது வந்து பாக்கட்டும்." வந்தவர் இலேசில் மசியாத ஆள் என்று பெயரெடுத்தவர். அவர் அறை அறையாகப் பார்த்துவிட்டுப் போன பிறகு அத்தான் போன் செய்து தொண்டையைக் கனைத்தார்.

"பி வந்திருக்கும்மா."

"பி-யா அத்தான்?" என்றாள் அவள்.

"சி போதும்னு கேட்டோம். பி வந்திருக்கு. மேல் மாடியில குட்டி ஃபேனை எல்லாம் பெட்டியில போட்டுக் கட்டிட்டாங்க. அந்தப் பொண்ணு இப்ப சால்வை கொண்டுவருது. ஏசியைக் குறைச்சு வைக்கச் சொல்லி எங்கிட்டத்தான் சண்டை."

கம்பெனி குடிவந்த வாரம் அக்கா வீட்டில் விருந்து. பக்கத்துக் கட்டடங்களின் மேலாளர்கள் சிலரும் வந்திருந்தார்கள். அத்தான் அவளைக் கையோடு அழைத்துப்போய், "இது என் மச்சினிச்சி. எங்க கட்டடத்துக்கு ஈ போட்டது இவதான்" என்றார். ஏதோ தங்கப்பதக்கம் போட்டுவிட்டதைச் சொல்கிற தோரணை. அவளுக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அவர்களில் ஒருவர் இலையை விட்டு நிமிர்ந்தார். "எங்க பில்டிங்குக்கும் வரணும் மேடம். கொஞ்சம் பாத்துப் போடுங்க."

அவள் வாய் திறப்பதற்குள் அத்தான் முந்திக்கொண்டார்.

"எங்க பொண்ணு பாத்துப் போட மாட்டா சார். பாத்துட்டுத்தான் போடுவா."

பந்தியே சிரித்தது. அக்கா குழம்புக் கரண்டியோடு வந்து, கேட்காமலேயே தங்கையின் சோற்றில் இன்னொரு கரண்டி ஊற்றினாள். அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை.