ஜெர்மனி சார் போட்ட சீட்டுகள்

போன திங்கட்கிழமை சைட்டில் நிற்கும்போது கூட வேலை செய்யும் அன்பழகன் வந்து, "ஜெர்மனி சார் தவறிட்டாருங்க. லீவுல போன இடத்துல, திருச்சியில. கம்பெனிக்குத் தந்தி வந்திருக்கு" என்றான். "அப்படியா" என்றேன். சிமெண்ட் லாரி வந்துவிட்டது, இறக்கப் போய்விட்டேன்.

இங்கே வளைகுடாவில், ரோலா கடைத்தெருவுக்குப் பின்னால், அந்த எட்டுப் பேர் அறையில் அவரோடு இருந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அவருடைய சதாசிவம் என்ற பெயரே நமக்கு மறந்துவிட்டது. கட்டட கம்பெனியில் டைம்கீப்பர். போரில் தோற்ற ஜெர்மனியில் பிறந்து, பதினான்கே வருடத்தில் செத்துப்போன குடியரசைப் பற்றித் தமிழில் ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். சப்பாத்தி தேய்த்தபடியே சொல்வார்: "போர்ல தோத்தது தளபதிங்க. போரை நிறுத்தக் கையெழுத்துப் போட்டது மக்கள் பிரதிநிதிங்க. துரோகிப் பட்டம் கையெழுத்துப் போட்டவங்களுக்கு." நாம் சப்பாத்தி எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருப்போம்.

மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அறைத் தலைவருக்கு ஓட்டுப் போடும் வழக்கத்தைக் கொண்டுவந்தவர் அவர்தான். பால்பவுடர் டப்பாவின் மூடியைக் கீறிப் பெட்டியாக்கினார். சமையல் முறை, ஏசிக்குப் பக்கத்தில் யார் படுப்பது, எல்லாம் அந்தத் தலைவர் கூட்டம் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஊரில் நெருக்கடி நிலை வந்த கோடையில் நம் அறையிலும் ஓயாத சண்டை. டூட்டி முடிந்து வந்தால் கூட்டம், கூட்டம் முடிந்தால் சண்டை. எனக்கு அலுத்துவிட்டது. அந்த மாதம் நான்தான் தலைவர். "மூணு மாசத்துக்கு ஓட்டும் வேண்டாம், கூட்டமும் வேண்டாம். நான் சொல்றதுதான். கலாஸ், முடிஞ்சுது" என்றேன். ஏழு பேர் கை தூக்கினோம், என்னையும் சேர்த்து. அவர் தூக்கவில்லை.

"அங்கயும் அவசரத்துக்குன்னு ஒரு சட்டப்பிரிவு இருந்துச்சு, குமார். முதல்ல அதைக் கையில எடுத்தவங்க கெட்டவங்க இல்லை. குடியரசைக் காப்பாத்த நினைச்சவங்க. அப்புறம் அதுவே பழகிடுச்சு. கடைசியா வந்தவனுக்கு வேலை சுலபமாப் போச்சு."

"சார், இது ரூம். ஜெர்மனி இல்லை" என்றேன். எல்லோரும் சிரித்தோம்.

உண்மையைச் சொன்னால் சண்டை குறைந்தது, சோறு நேரத்துக்கு வந்தது. மூன்று மாதம் எப்போதோ முடிந்தது, யாரும் கேட்கவில்லை. அவர் மட்டும் மாதம் தவறாமல் காலண்டர் தாளைக் கிழித்து, எதையோ எழுதி டப்பாவில் போடுவார். என்ன எழுதினீர்கள் என்றால், "ஓட்டு ரகசியம்" என்பார். எனக்கு எதிராகத்தான் எழுதுகிறார் என்று உள்ளுக்குள் பொருமினேன்.

பிறகு நம் அறையிலிருந்த வேலு விஷயம். ராத்திரி ஷிஃப்ட் பார்த்துவிட்டுப் பகலெல்லாம் ஏசி போட்டுத் தூங்குகிறான் என்று புகார். வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். "அவரை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றார் சார். "கேட்டா இன்னிக்கு முடியாது சார்" என்றேன். அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு வேலுவோடு கம்பெனியின் தொழிலாளர் கேம்ப்புக்குப் போய்விட்டார். நீங்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள்.

அடுத்து ஊரில் தேர்தல் வந்தது. நம் அறையில் வரவில்லை.

செய்தி வந்த திங்கள் சாயங்காலம் சமையலறைப் பரணிலிருந்து அந்த டப்பாவை இறக்கினேன். இரண்டு வருடத் தூசி. உள்ளே ஒன்பது சீட்டு. ஒன்பதிலும், அவருடைய சாய்ந்த கையெழுத்தில், குமாரசாமி என்று என் பெயர்.

ஒன்றை என் பாஸ்போர்ட்டுக்குள் வைத்திருக்கிறேன். அவரைப் போய்ப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் அரை மணி நேரம்தான். போகவில்லை. வெட்கமாக இருக்கிறது. அவருடைய ஓட்டு எனக்குத்தான் இருந்திருக்கிறது. தேர்தல் வைக்கத்தான் எனக்குப் பயம்.