ஆடாதீங்க என்று சொல்பவர்

கமாண்டர் டாங்கிக்குச் சேறு பூசிக்கொண்டிருக்கிறார். மூன்று நாளாகப் பூசுகிறார். பழுப்புச் சுண்ணப்பொடியையும் பசையையும் ஒரு மருந்துப் புட்டியின் மூடியில் குழைத்து, உள்ளங்கையில் அடங்கிவிடும் பிளாஸ்டிக் வண்டியின் சங்கிலிப் பட்டையில் ஊசிமுனையால் எடுத்து வைக்கிறார். இரண்டு வகைச் சேறு. ஏன் என்று கேட்டால், தலையை நிமிர்த்தாமல் பதில் வருகிறது: "மேல இருக்கிறது நேத்துச் சேறு. கீழ இருக்கிறது இன்னிக்குச் சேறு."

இதே மனிதர்தான், குழாய் பழுது பார்க்க வந்தவர் செருப்புக் காலோடு இரண்டடி உள்ளே வைத்துவிட்டார் என்று, அவர் வேலை முடித்துப் போகும்வரை துடைப்பத்தோடு பின்னாலேயே நடந்தவர். "வாசல்ல ஒரு சொட்டு சேறு பட்டா வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பாரு. அதைக் காசு குடுத்து வாங்கி டாங்கிக்குப் பூசுவாரு," என்கிறார் அவர் மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். முரண்பாடுகளைச் சுட்டிக்காட்டுவதைத் தொழிலாகவே கொண்டவர்.

கமாண்டர் என்பது அவர் வேலைபார்க்கும் ஆஸ்பத்திரியில் சக ஊழியர்கள் வைத்த பெயர். பெயருக்கும் ஆளுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஒல்லியான தேகம், ஐம்பத்து மூன்று வயது, பக்கத்து அறைக்குக் கேட்காத குரல். அலுவலக விழாக்களில் பலூன் கட்டினால், வெடித்துவிடுமோ என்று நடைக்கூடத்தில் போய் நின்றுகொள்வார். லிஃப்டில் ஏறமாட்டார், நான்கு மாடியும் படிதான். கதவு மூடினால் மூச்சு முட்டுமாம். ஆகவே, உலகத்தில் அவர் உயிராக நேசிக்கும் எந்த வண்டிக்குள்ளும் அவரால் ஐந்து நிமிடம் உட்கார முடியாது. ஒருமுறை தொலைவில் ஒரு ராணுவ அருங்காட்சியகத்தில் நிஜ டாங்கிக்குள் இறங்கிப் பார்க்க அனுமதிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மூன்று மணி நேரம் ரயிலில் போனார். வரிசையில் நின்றார். மேல்மூடி வரை ஏறினார். உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு, பின்னால் நின்றவருக்கு மிகுந்த பெருந்தன்மையோடு வழிவிட்டு இறங்கிவிட்டார். "பெயிண்ட் சரியா இருக்கான்னு பாக்கத்தான் போனேன்," என்பது வீட்டில் சொன்ன காரணம்.

அவரோடு போர்ப்படம் பார்ப்பது ஒரு தனி அனுபவம். நாயகன் சாகும் தறுவாயில் நண்பனின் மடியில் தலைவைத்து ஏதோ சொல்லிக்கொண்டிருப்பான். கமாண்டரின் கண் பின்னால் வரும் வண்டியின் சக்கரங்களில் இருக்கும். முதல் சக்கரத்துக்கும் இரண்டாவது சக்கரத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி தெரிந்துவிட்டால் போதும், படம் அங்கேயே முடிந்துவிடும். "இந்த வண்டி போர் முடிஞ்சப்புறம் கட்டினது. இவன் இன்னும் பொறக்காத வண்டியால சுடப்பட்டுச் சாகறான்." விண்வெளிப் படங்களில் வேறு வழக்கு. காற்றில்லாத இடத்தில் வெடிச்சத்தம் எப்படி வரும் என்று ஒவ்வொரு படத்திலும் ஒருமுறை கேட்பார். கேட்டுவிட்டு, அந்த வெடிச்சத்தம் நன்றாகக் கேட்க வேண்டும் என்பதற்காகத் தனியாக வாங்கிய ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டுவார்.

அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூன் அவருக்கு மகள் கொடுத்த சீதனம். மகள் படிக்கப் போய்விட்டாள். பழக்கம் வீட்டிலேயே தங்கிவிட்டது. ராட்சத ரோபோக்கள் வரும் தொடர்கள் என்றால் சாப்பாடு வேண்டாம். ஒரு தொடரில், சண்டையே போடாமல் முகாம் முகாமாகத் தண்ணீர் சுமக்கும் கிழட்டு ரோபோ ஒன்று இருபத்து மூன்றாம் பாகத்தில் மண்டியிட்டு நின்றுபோயிற்று. கமாண்டர் தேம்பி அழுதார். மாமனார் இறந்தபோது நாற்காலிகளை எண்ணி வாங்கி எண்ணித் திருப்பிக் கொடுத்தவர், கண் கலங்காதவர். மனைவி அதை நினைவூட்டியபோது கமாண்டர் மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னார்: "உங்க அப்பாவுக்குத் தொண்ணூறு வயசு. இதுக்கு இருபத்து மூணு எபிசோடுதான்." அதன்பிறகு இரண்டு நாள் அந்த வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

தொழில், ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இயக்குவது. இருபத்திரண்டு வருடம். அந்த இயந்திரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரு குறுகிய குழாய், அதற்குள் ஆளைப் படுக்கவைத்துத் தள்ளுவார்கள், அரைமணி நேரம் விதவிதமாகச் சத்தம் போட்டுக்கொண்டு அது படமெடுக்கும். படுத்திருப்பவர் அசைந்தால் படம் கலங்கிவிடும், மறுபடி முதலிலிருந்து. மற்ற ஆபரேட்டர்கள் ஆடாதீங்க, ஆடாதீங்க என்று மைக்கில் அதட்டுவார்கள். கமாண்டர் வேறு மாதிரி. படுக்கை உள்ளே நகரும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"இப்ப ஒரு சத்தம் வரும். அது டாங்கி இன்ஜின். நீங்க உள்ள பயணி மட்டும்தான். ஓட்டுறது நான், வழி எனக்குத் தெரியும். நீங்க ஆடாம இருந்தா போதும்."

பிறகு வழிநெடுக வர்ணனை. டக்டக் என்று இடித்தால் மேடு ஏறுகிறோம். ஊளைச் சத்தம் வந்தால் பாலம். நடுவில் அமைதியானால் டீசல் ஊற்றுகிறோம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், தான் கழுத்து வலிக்கு வந்ததாகவும் யுத்தத்துக்கு வரவில்லை என்றும் எழுத்துமூலம் புகார் கொடுத்தார். நிர்வாகம் விசாரித்தது. விசாரித்ததில், மறுபடி எடுக்க நேர்ந்த ஸ்கேன்கள் கமாண்டரின் முறையில்தான் மிகக் குறைவு என்று தெரியவந்தது. புகாரை மடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். ஐந்து நிமிடம் டாங்கியில் உட்கார முடியாதவர் ஆயிரக்கணக்கானவர்களை டாங்கியில் ஏற்றி, பத்திரமாக இறக்கிவிட்டிருக்கிறார்.

முடிவைச் சொல்வது அவர் வேலையில்லை, அது டாக்டருடையது. ஆனால் இருபத்திரண்டு வருடத்தில் எது எங்கே இருக்கக்கூடாது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். அப்படி ஏதாவது கண்ணில் பட்ட நாளில் மட்டும், வெளியே வருபவரின் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, "படம் நல்லா வந்திருக்கு," என்பார். படத்தைப் பற்றிச் சொன்னது பொய்யில்லை அல்லவா.

இந்த மனிதர் போன மழைக்காலத்தில் போனை வலக்காதிலிருந்து இடக்காதுக்கு மாற்றினார். முதலில் கவனித்தது மனைவி. வலக்காதில் ஓயாமல் ஒரு ரீங்காரம், பேச்சு பாதிதான் விழுகிறது என்பதை அவர் இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. "நான் பேசறது உங்களுக்கு மனு மாதிரி ஆயிடுச்சு. வாங்கி வச்சுக்கறீங்க, பதில் வரமாட்டேங்குது," என்று சொல்லி டீச்சர்தான் காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, ஒரு பக்கம் மட்டும் குறைந்திருப்பதால் கேட்கும் நரம்பில் கட்டி ஏதும் இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். எங்கே எடுப்பது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை என்று சிரிக்கவும் செய்தார்.

கமாண்டர் சிரிக்கவில்லை. அந்தக் கட்டி படத்தில் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். பட்டாணி அளவு, வெள்ளையாக. எத்தனையோ பேருடையதைப் பார்த்திருக்கிறார். அதைவிடவும் பெரிய கவலை ஒன்று இருந்தது: அதைப் பார்க்க வேண்டுமானால் அவர் அந்தக் குழாய்க்குள் போயாக வேண்டும்.

வியாழக்கிழமை காலை, முதல் ஆள் அவர்தான். மனைவி வெளியே பெஞ்சில் விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்தார். இயந்திரத்தை இயக்கியது அவருக்குக் கீழே இரண்டு வருடமாக வேலைபார்க்கும் பெண். ஸ்கூட்டரில் வந்து போகிறவள். விதிப்புத்தகத்தை வரி பிசகாமல் பின்பற்றுகிறவள். தலையைக் கூட்டுக்குள் பொருத்தினாள், காதை மூடும் ஹெட்ஃபோனை மாட்டினாள், அவசரத்துக்கு அமுக்கும் ரப்பர் பந்தைக் கையில் கொடுத்தாள். படுக்கை உள்ளே நகர்ந்தது. கமாண்டர் கண்ணை மூடிக்கொண்டார். சத்தம் ஆரம்பித்தது.

இருபத்திரண்டு வருடமாக அந்தச் சத்தத்தை அடுத்து ஒரு குரல் வரும். அது அவருடைய குரல். இப்போது அது வரவில்லை. சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

நாலு நிமிடம் கழித்துத் திரையில் வந்த முதல் படம் தண்ணீரில் விழுந்த கடிதம் மாதிரி கலங்கியிருந்தது. அந்தப் பெண் கேமராக் காட்சியைப் பார்த்தாள். இயந்திரத்தை நிறுத்திவிட்டு மைக்கை அழுத்தினாள்.

"அண்ணா, காலை ஆட்டாதீங்க."

"நான் ஆட்டலையே."

"நான் பாத்துட்டுத்தான் இருக்கேன். ரெண்டு காலும் மாத்தி மாத்தி மிதிக்குது."

உண்மைதான். இடது கால் கிளட்ச், வலது கால் ஆக்ஸிலரேட்டர். ஏதோ ஒரு பழைய ராணுவக் கையேட்டில் படித்து மனப்பாடமான வரிசை. பிறகு குழாய்க்குள்ளிருந்து சன்னமாகக் குரல் வந்தது.

"ஓட்ட ஆள் இல்லைம்மா."

அவள் சிரிக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். சிரித்திருந்தால் ரப்பர் பந்து அமுங்கியிருக்கும். கமாண்டர் வெளியே வந்திருப்பார். மறுபடி உள்ளே போயிருக்கமாட்டார்.

"நான் ஓட்டுறேன். நீங்க சும்மா படுங்க."

"உனக்கு டாங்கி தெரியாது."

"தெரியாது. ஸ்கூட்டர் தெரியும். பின்னாடி உக்காந்திருக்கீங்கன்னு நினைச்சுக்கங்க. காலை ஆட்டினீங்கன்னா ரெண்டு பேரும் விழுவோம்."

இயந்திரம் மறுபடி சத்தம்போட்டது. ஆஸ்பத்திரி வாசலிலிருந்து அவள் வீடு வரைக்கும் அன்று அவள் ஓட்டினாள். ஒவ்வொரு சத்தத்துக்கும் நடுவே மைக்கில் சொல்லிக்கொண்டே வந்தாள்: பெட்ரோல் பங்க் தாண்டியாச்சு, இப்ப வேகத்தடை, முன்னால ஒரு லாரி போகுது, சிக்னல் சிவப்பு, நிக்கிறோம். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் முன்கூட்டியே எச்சரித்தாள். விதிப்புத்தகத்தில் இதற்கெல்லாம் இடமில்லை. இருபத்தெட்டு நிமிடம் கமாண்டரின் கால் அசையவில்லை. வெளியே வந்ததும் முதல் வேலையாக, கடைசித் திருப்பத்தில் அவள் இண்டிகேட்டர் போடவில்லை என்று குறை சொன்னார்.

அவளும் மரியாதைக்கு ஒரு வார்த்தை சொன்னாள். "படம் நல்லா வந்திருக்கு, அண்ணா."

கமாண்டர் படுக்கையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் ரத்தமில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவளிடம், அந்த வாக்கியத்தை எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டார். உங்ககிட்டதான், எல்லார்கிட்டயும் அப்படித்தானே சொல்லணும் என்றாள் அவள். தான் எல்லாரிடமும் அதைச் சொல்வதில்லை என்று அவர் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து ஸ்கேன் டாக்டர் கூப்பிட்டார். "நரம்பு சுத்தமா இருக்கு. கட்டி கிட்டி ஒண்ணும் இல்லை. காதுக்குள்ள தேய்மானம்தான். ஒரு கருவி வச்சுக்கிட்டா போதும்."

கமாண்டர் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். காது கேட்காமல் அல்ல. பிறகு திரைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சொந்தத் தலையை மேலிருந்து கீழ் வரை, கீழிருந்து மேல் வரை ஓட்டிப் பார்த்தார். வெள்ளைப் பொட்டு எங்கேயும் இல்லை. "உள்ள இவ்வளவு சுத்தமா இருக்கும்னு நினைக்கலை," என்றார் டாக்டரிடம். கலங்கிப்போன முதல் படத்தை அழிக்கட்டுமா என்று கேட்டதற்கு, இருக்கட்டும் என்றுவிட்டார்.

வெளியே வந்து மனைவியிடம், "ஒண்ணும் இல்லையாம்," என்றார். டீச்சர் தலையை ஆட்டிவிட்டுக் கையிலிருந்த விடைத்தாளைத் திருத்தி முடித்து, மதிப்பெண்ணைக் கூட்டிப் போட்டார். அந்தப் பிள்ளைக்குக் கூட்டலில் ஏழு மதிப்பெண் அதிகம் போட்டுவிட்டது வீட்டுக்கு வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. முப்பது வருடத்தில் முதல் பிழை. திருத்தவில்லை, அப்படியே கொடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் இருவரும் படம் பார்த்தார்கள். யாரும் கேட்கவில்லை. டீச்சரே ஒரு விண்வெளிப் படத்தைப் போட்டிருந்தார். இரண்டு பிரம்மாண்டமான கப்பல்கள் ஒன்றையொன்று நொறுக்கிக்கொண்டிருந்தன. சோபாவின் வலது கோடியில் உட்கார்ந்திருந்த டீச்சர் திரையைக் காட்டி ஏதோ கேட்டார். பதில் இல்லை. மறுபடி கேட்டார். கமாண்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் மூன்றாவது முறை கேட்கவில்லை.

ஏதோ உறைத்து, அவர் திரும்பி மனைவியின் முகத்தைப் பார்த்தார். ரிமோட்டை எடுத்து, கப்பல் பாதி வெடித்த நிலையில் படத்தை நிறுத்தினார். எழுந்து, தலையணையையும் கையோடு எடுத்துக்கொண்டு, சோபாவைச் சுற்றி வந்தார். டீச்சரைக் கொஞ்சம் நகரச் சொல்லி அவருக்கு மறுபக்கத்தில் உட்கார்ந்து, இடக்காதை அவர் பக்கம் சாய்த்து, ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.