இரண்டாம் ஓலைக்குப் பிறகு

ஆகஸ்ட் மாதத்து இரண்டாம் ஞாயிறு, காலை ஏழு நாற்பது, காக்ஸ் டவுனில் பொடித் தூறல். சர்ச்சில் பூசை முடிவில் சாமியார் என் மகளுடைய கல்யாண ஓலையை, மூன்று ஞாயிறு வாசிக்கும் அந்த அறிவிப்பை, இரண்டாம் முறையாக வாசித்தார். தடை ஏதும் தெரிந்தவர்கள் தன்னிடம் சொல்ல வேண்டும் என்று வழக்கம்போல முடித்தார். மூன்றாம் ஓலைக்கு ஏழு நாள் இருந்தது.

எனக்கு ஒன்று தெரியும். நான்கு நாளுக்கு முன் மாப்பிள்ளையே சொன்னது. தொம்மலூரில் ஒரு பெண்ணோடு மூன்று வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்து, பிறகு பிரிந்திருக்கிறார். "வேற யாராவது சொல்லி நீங்க கேக்கக் கூடாது, அங்கிள்" என்றார். அன்றிலிருந்து எனக்கு இரவில் நான்கு மணி நேரம்தான் தூக்கம். அப்படி வாழ்ந்தவர் என் மகளை அவளோடு ஒப்பிட்டுக்கொண்டே இருப்பார், ஒருநாள் இவளையும் விட்டுப் போவார் என்று கணக்குப் போட்டேன்.

திங்களன்று ஒன்றரைப் பக்கம் எழுதிச் சாமியாரிடம் கொடுத்தேன்.

"கல்யாணம் கட்டியிருந்தா தடை. இது தடை இல்ல. மகளுக்குத் தெரியுமா?"

நான் கேட்கவில்லை என்றேன். எழுத்தில் வந்துவிட்டதால் அவர் மகளையும் மாப்பிள்ளையையும் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்.

புதன்கிழமை மகள் சாப்பாட்டு மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அவர் எங்கிட்ட எப்பவோ சொல்லிட்டார், டாடி. எனக்கும் முன்னாடி ஒருத்தர் இருந்தார், ரெண்டு வருஷம். அது அவருக்கும் தெரியும். நீங்க எழுதிக் குடுத்ததுல மீதி அரைப் பக்கம் காலியாத்தானே இருந்துச்சு, அதையும் எழுதியிருக்கலாம்."

அவள் எழுந்து போன பிறகு, பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தேன்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"இப்படி ஆரம்பிச்சா குடும்பம் எப்படி நல்லா இருக்கும்?"

"நமக்கு முன்னாடி யாருமே இல்லங்க. முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு. அதுல இருபது வருஷமா நீங்க அந்த ரூம், நான் இந்த ரூம். நல்லா இருந்துச்சா?"

குத்திக் காட்டக் கேட்கவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, பதிலுக்காகக் காத்திருந்தாள். நான் எழுந்து என் அறைக்குப் போனேன்.

மூன்றாம் ஓலையும் வாசிக்கப்பட்டது. மகளைக் கைபிடித்து அழைத்துப் போவதற்காக, கோவில் வாசலிலிருந்து பீடம் வரை எத்தனை அடி என்று முன்பே இரண்டு முறை நடந்து எண்ணி வைத்திருந்தேன். கல்யாணத்தன்று மகள் என் மைத்துனனின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நான் மூன்றாவது பெஞ்சில் இருந்தேன். அந்த ஒன்றரைப் பக்கத்துக்கு நான் கொடுத்த விலை நாற்பத்தாறு அடி.