வெளுத்துப்போன இரண்டு ஃபைல்கள்

இன்று என் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு, ரெட்டியபட்டியிலிருந்து பரிதா அக்கா லேப்டாப்பைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார்.

"தம்பி, லீவுல அவுக வந்தப்ப எடுத்த போட்டோவத் தேடுறேன்னு எதையெதையோ அமுக்கிட்டேன். ரெண்டு ஃபைலு வெளுத்துப் போச்சு. மத்ததும் வெளுத்துருமோன்னு பத்து நாளாத் தொறக்கவே இல்ல."

திறந்தேன். முகப்பில் மங்கலாக, 'டெஸ்க்டாப் ஐ.என்.ஐ' என்ற பெயரில் இரண்டு ஃபைல்கள். போட்டோ ஃபோல்டர் மட்டும் தன்னந்தனியாக எதிர் மூலையில்.

"இத ஏங்க்கா அங்க தள்ளி வச்சிருக்கீக?"

"சாயம் போற சேலையோட நல்ல சேலைய ஊறப் போடுவமா தம்பி?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு ஃபோல்டரைத் திறந்து காட்டினேன். எல்லாப் படங்களும் பத்திரமாக இருந்தன. அக்காவின் வீட்டுக்காரர் தன் மகளைத் தோளில் தூக்கி வைத்திருந்த படத்தில் அக்காவின் கண் நின்றுவிட்டது.

"வெளுத்த அந்த ரெண்டும் கம்ப்யூட்டரோட சொந்த ஃபைலுக்கா. மொதல்ல இருந்தே இருக்கு. யாரும் அழிச்சிரக் கூடாதுன்னு ஒளிச்சு வச்சிருக்கும். நீங்க செட்டிங்க மாத்தவும் வெளிய தெரிஞ்சிருச்சு."

செட்டிங்கைச் சரிசெய்தேன். இரண்டும் மறைந்தன.

"அழிச்சிட்டீகளா?" பதறிவிட்டார்.

"இல்லக்கா, அங்கனதான் இருக்கு. அது பாட்டுக்கு வேல பாக்கும். கண்ணுக்குத்தான் தெரியாது."

அப்போது சவுதியில் வேலை பார்க்கும் அக்காவின் வீட்டுக்காரர் போனில் வந்தார்.

"எல்லாம் பத்திரமா இருக்கு மச்சான்," என்றார் அக்கா. "அந்த ரெண்டும் உங்கள மாதிரித்தானாம். வேல பாத்துக்கிட்டே இருக்குமாம், கண்ணுல மட்டும் படாதாம்."

ஒளிந்திருக்கும் ஃபைல்களைப் பற்றி இனி யார் கேட்டாலும் அக்காவின் இந்த விளக்கத்தைத்தான் சொல்லப்போகிறேன். சவுதி, துபாய் நண்பர்கள் யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.