சுண்ணாம்புக் கோணி

பெரிய யுத்தம் முடிந்து ஒன்றிரண்டு வருடம் இருக்கும். ஐப்பசி மாதம். ஆம்பூரை விட்டு ஆலங்காயம் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்த்துக் கை இரண்டும் வெந்துபோய், விரலை மடக்க முடியவில்லை. சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டேன். கையோடு வந்தது, மழைக்குத் தலையில் போட்டுக்கொள்ள ஒரு கோணிதான்.

சாயங்காலம் ஏரிக்கரையோரம் ஒரு குயவர் வீட்டில் ஒதுங்கினேன். புருஷனும் பெண்சாதியும்தான் இருந்தார்கள். இரண்டு பேரும் என்னைவிட இளையவர்கள். முற்றத்துக் குழியில் உடைந்த, சுடாத பச்சைச் சட்டிகளை ஊறப்போட்டிருந்தார்கள். விரிசல் விட்டது, கோணலானது எதையும் அவர்கள் எறிவதில்லை. சூளைக்குப் போகாதவரை எல்லாம் தண்ணீரில் கரைந்து திரும்ப மண்ணாகிவிடும். ஏரி நிரம்பிவிட்டதால் இனிப் புதுமண் வெட்ட வழியில்லை. கார்த்திகை அகலுக்கு இருந்ததெல்லாம் அந்தக் குழி மண்தான்.

மறுபடி மழை பிடித்துக்கொண்டது. காயவைத்த சட்டிகளைத் தூக்கிக்கொண்டு இருவரும் உள்ளே ஓடினார்கள். குழி திறந்து கிடந்தது. சும்மா நிற்க மனம் வராமல், என் கோணியை உதறி அதன்மேல் விரித்துச் சுற்றிலும் கல் வைத்தேன்.

மழை விட்டதும் அந்தப் பெண் குழியில் கைவிட்டுச் சேற்றை நசுக்கிப் பார்த்தாள். விரலில் வெள்ளை வெள்ளையாகப் பொடிக்கற்கள்.

"இன்னாண்ணா கோணி இது?"

"தோல் ஷாப்புக்குச் சுண்ணாம்பு வந்த கோணிம்மா."

புருஷன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். எனக்கு விளங்கவில்லை. அவளே சொன்னாள்: "சூளையில ஒண்ணும் தெரியாதுண்ணா. வெளிய வந்து ஈரக்காத்து பட்டதும் இந்தக் கல்லு ஊதிப் பூத்து, அகலு பொரிஞ்சி உழும். எண்ணெ ஊத்தினா ஒழுவும். அடுத்த தபா எவன் நம்மகிட்ட வாங்குவான்?"

உதவி செய்யப்போய் ஒரு குடும்பத்தின் வயிற்றில் அடித்துவிட்டேன். அடி விழுவதற்குள் நழுவலாம் என்று கோணியைச் சுருட்டினேன்.

"எங்க கெளம்பிட்ட? கூழு குடிச்சிட்டுப் படு" என்றாள்.

"மண்ண வாரிக் கொட்ட வேண்டியதுதான்" என்றான் புருஷன். அவள் உள்ளே போய் மடிப்புக் கலையாத வேட்டி ஒன்றைக் கொண்டுவந்தாள்.

"ஏய், தீபாவளிக்கு எடுத்ததுடி அது."

"பழசுல எல்லாம் ஓட்டை. இதுல வடிச்சாத்தான் கல்லு நிக்கும். நீ இத்தக் கட்டிக்கினா மட்டும் மாப்ள ஆயிடுவியா?"

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு அவள் என்னைப் பார்த்து, "காலைல ஓடிடாத. நீ போட்ட கல்ல நீதான் எடுக்கணும். இருக்கிற வரைக்கும் சோறு உண்டு" என்றாள். நான் எழுந்து போய்விடலாம் என்று நினைத்தது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

விடிந்ததும் வேட்டியை நான்கு கொம்பில் கட்டி, சேற்றைத் தண்ணீர் விட்டுக் கலக்கி மொண்டு ஊற்றினேன். கல்லெல்லாம் துணியில் நின்றது. கீழே சட்டியில் மண் மோர்போல இறங்கியது. வெந்த கைக்கு அந்தச் சேறு குளிர்ச்சியாக இருந்தது. அவள் சட்டியில் விரல்விட்டு நசுக்கிப் பார்த்தாள். நறநறப்பு இல்லை.

"ம், ஊத்துண்ணா" என்றாள்.

அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ வாசலில் வேலை கேட்டு நின்றிருக்கிறேன். நான் கெடுத்ததையே எனக்கு வேலையாகக் கொடுத்தவள் அவள் ஒருத்திதான்.