மீனா இல்லாத மீனா வீடு

குழந்தைகளே, எங்கள் தெருவை ஒட்டிய பழைய ராஜகால்வாயின் கரையில் பூங்கா அமைக்க மாநகராட்சி நிலம் எடுத்தது. கரையோர வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகக் காலி செய்தார்கள். என் மகள் தேவியின் ஒரே தோழி மீனாவும் போய்விட்டாள்.

"எந்நேரமும் வீட்லயே உக்காந்திருக்காத, வெளிய போய் விளையாடு" என்று ஒரு நாள் நான்தான் தேவியை விரட்டினேன்.

சற்று நேரத்தில் ஜேசிபி ஓட்டுநர் அவளைக் கையைப் பிடித்து அழைத்துவந்தார். "உங்க பாப்பாவா அண்ணா? இடிக்கிறதுக்கு முன்ன உள்ள எட்டிப் பார்த்தேன். காலி வீட்ல தனியா பேசிட்டு உக்காந்திருக்கு!"

"அங்க எதுக்குடா போன?" என்று அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன்.

"மீனா வீட்டுக்குத்தானேப்பா போனேன்?" என்றாள் தேவி.

நீங்கள் யாரும் காலி வீட்டுக்குள் போகாதீர்கள். நானும் இப்போது அவளைத் தனியே அனுப்புவதில்லை. வேலை முடிந்து வந்ததும் அவளோடு பாண்டி ஆடுகிறேன்.

"மீனா மாதிரி உனக்கு ஆட வரலப்பா" என்கிறாள். ஆனாலும் மறுநாள் வாசலில் கட்டம் போட்டுவிட்டுக் காத்திருக்கிறாள்.